அழைத்தால் செல்லாது

தாமசின் பார்ட்டனின் மானத்துக்கு எங்கள் ஊரில் விழுந்த விலை பதின்மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. தேவாலயக் கோர்ட்டின் முத்திரை குத்திய ரசீது இருக்கிறது. என் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு அன்றைக்கு மூன்று நல்ல ஆடு வரும்.

பணம் கட்டியவன் அவளுடைய புருஷன் ஜெர்வஸ். காட்ஸ்வோல்டு மேட்டில் அவனுக்கு அறுபது ஏக்கர் சொந்த நிலம், ஒரு கல் வீடு, கீழ்ப் புல்வெளி ஓரமாக ஒரு வரிசை ஆஷ் மரங்கள். நல்ல விவசாயி. ஆனால் தன்னை நல்ல வியாபாரி என்று நம்பினான். கம்பளி வாங்கிப் பிழைக்கும் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் வாழ்கிறது.

அவன் தாமசினைப் பெண் கேட்டபோது அவளுடைய அப்பா நாற்பது ஆடு தருகிறேன் என்றார். இவன் அறுபது கேட்டான். பேசி, கைபிடித்து, சாட்சிக்கு நாலு பேர் பீர் குடித்தாயிற்று; ஆட்டுக் கணக்கு மட்டும் பாக்கி. எங்கள் பக்கத்தில் அதற்குமேல் சின்னஞ்சிறுசுகள் தேவாலய மணிக்காகக் காத்திருப்பதில்லை. பனி விழும்போது தாமசினுக்கு வயிறு தெரிந்தது. பெண்ணின் வயிறு ஏற ஏற அவள் அப்பாவின் பிடி தளரும் என்பது ஜெர்வஸ் போட்ட கணக்கு. கணக்கு சரிதான். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாமனார் இறங்கி வந்தார். அறுபது ஆடு.

மறுநாள் புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. பத்து ஷில்லிங் கட்டினால் மேலிடத்தில் தனி அனுமதி கிடைக்கும். "ஆறு வாரம் பொறுத்தா பத்து ஷில்லிங் மிச்சம்" என்றான் ஜெர்வஸ். நாலாவது வாரத்தில் ரால்ஃப் பிறந்தான்.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. அதோடு தேவாலயக் கோர்ட்டின் ஓலையும் வந்தது: முறைதவறிப் பிள்ளை பெற்றவள் வெள்ளைத் துணி போர்த்தி, கையில் கோலோடு, மூன்று ஞாயிறு ஊர் முன்னால் நிற்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். பத்து ஷில்லிங்கை மிச்சம் பிடித்தவன் பதின்மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் கட்டினான். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். என் அப்பா இதை ஒரு பாடமாகவே எனக்குச் சொல்லிக்கொடுத்தார், பேரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு.

மூன்று வருஷம் கழித்து ஆம்ப்ரோஸ் பிறந்தான். அவனுக்கு முன்பே அப்பாவும் அம்மாவும் புருஷன் பெண்டாட்டி.

ஆம்ப்ரோஸ் என் கிட்டங்கியில் கம்பளி தரம் பிரிப்பவன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டே எது தோள் மயிர், எது தொடை மயிர் என்று சொல்லுவான். சாயக்காரன் வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, பெண்டாட்டியும் மூன்று பெண் பிள்ளைகளுமாக இருந்தான். கீழே சாயத்தொட்டி, அதில் சாயம் பிடிக்க ஊற்றுவது என்ன என்று கேட்காமல் இருப்பது நல்லது. அந்த நாற்றத்தோடு அவனுடைய பெண்கள் வளர்ந்தார்கள்.

ஜெர்வஸ் செத்தபோது உயில் எழுதவில்லை. ரால்ஃப் ஏற்கனவே ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். சாவுக்கு மறுநாளும் ஏர் பிடித்தான். மூத்தவன், நிலம் அவனுக்கு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆம்ப்ரோஸ் உட்பட.

கேட்டவர் வக்கீல் டோலி. வேறு ஏதோ வழக்குக்காகக் கோயில் பதிவேட்டைப் புரட்டியவர், மதியம் நேராக என் கிட்டங்கிக்கு வந்தார். டோலிக்கு உடம்பு முழுக்க மூக்கு.

"தம்பி, உங்கப்பா போனப்போ நிலத்துக்கு வாரிசு யாரு?"

"எங்கண்ணன்" என்றான் ஆம்ப்ரோஸ், கம்பளியிலிருந்து கையை எடுக்காமல்.

"இல்ல. நீ."

அவன் கையை எடுத்தான்.

"உங்கண்ணன் பொறந்து மூணு வாரம் கழிச்சுத்தான் உங்கம்மாவுக்குக் கல்யாணம். கோயில் சட்டம், பின்னாடி கட்டிக்கிட்டா முன்னாடி பொறந்ததும் சரின்னு சொல்லும். ராஜா சட்டம் சொல்லாது. ராஜா சட்டத்துல உங்கண்ணன் 'பாஸ்டர்ட் எய்னே'. முறைகேட்டுல பொறந்த மூத்தவன். நீ 'ம்யூலியர் ப்யூனே'."

"அது என்ன பாஷை?"

"பிரெஞ்சு. ஆனா பிரெஞ்சுக்காரனுக்குப் புரியாது, வக்கீலுக்குத்தான் புரியும். ம்யூலியர்னா பழைய லத்தீன்ல பொம்பள. எங்க ஆளுங்க வாயில விழுந்து அது முறையாக் கட்டின பொண்டாட்டின்னு ஆச்சு. அப்புறம் அந்தப் பொண்டாட்டி பெத்த புள்ளைக்கே அதுதான் பேர்னு ஆயிடுச்சு."

ஆம்ப்ரோஸ் தாடியைத் தடவினான். "அப்ப சட்டத்துல நான் பொம்பளையா?"

"முறையான பொம்பள" என்றேன். "அறுபது ஏக்கரோட."

அவன் சிரிக்கவில்லை. "எங்கம்மா? அவங்க என்ன?"

"உங்கப்பா இருந்த வரைக்கும் மூடின பொம்பள. புருஷன்ங்கிற போர்வைக்குள்ள இருக்கிறவ. சட்டம் பாத்தா போர்வைதான் தெரியும், ஆள் தெரியாது. இப்ப விதவை. தனிப் பொம்பள. வாங்கலாம், விக்கலாம், வக்கீல் வெக்கலாம்."

"யாரு, எங்கம்மாவா?" ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. நாங்களும் சிரித்தோம்.

டோலி தொடர்ந்தார். "இதுல ஒரு சிக்கல் இருக்கு, நல்லாக் கேட்டுக்க. முறைகேட்டுப் புள்ள வெறும் வெளியாளா இருந்தா எப்ப வேணாலும் விரட்டலாம். ஆனா பெத்தவங்க பின்னாடி கல்யாணம் பண்ணிட்டாங்கன்னா சட்டத்துக்குக் கொஞ்சம் மனசு இளகும். அவன் நிலத்துல உக்காந்து, நீ ஒரு தொந்தரவும் குடுக்காம, சாகுற வரைக்கும் நிம்மதியா இருந்து செத்து, அவன் மகன் உள்ள நுழைஞ்சுட்டான்னா கதை முடிஞ்சுது. செத்தவன் மேல இருந்த குறையெல்லாம் போயிடும். நீ என்னிக்கும் வாயைத் திறக்க முடியாது."

"அவன் சாகுறதுக்குள்ள நான் என்ன பண்ணணும்?"

"கோர்ட்டுக்கு வா. பதிவேட்டைப் படிச்சுக் காட்டுவோம், ஜூரி பன்னெண்டு பேர் கேப்பாங்க, நிலம் உன் கையில."

"எல்லார் முன்னாடியும் எங்கம்மா பேரைச் சொல்லிப் படிப்பீங்க."

"பேரைச் சொல்லாம எப்படிப் படிக்க?"

ஆம்ப்ரோஸ் மறுபடி கம்பளிக்குக் குனிந்தான். "அம்மா போகட்டும். அப்புறம் பாப்போம்."

"உங்கண்ணன் முந்திக்கிட்டா?"

டோலி மூக்கைச் சொறிந்துகொண்டார். "சத்தமில்லாம ஒரு வழி இருக்கு. அவன் உயிரோட இருக்கறப்போ, நீயா போயி, அந்த நிலத்துல ஒரு மரத்தை வெட்டு. இல்ல நாலு மண்வெட்டி மண்ணை வெட்டு. ரெண்டு சாட்சி போதும். அப்ப அவன் நிம்மதி கலைஞ்சுடுச்சுன்னு சட்டம் எடுத்துக்கும். உன் உரிமை செத்துப்போகாது; உங்கம்மா காலத்துக்குப் பின்னாடி நிதானமா வழக்குப் போடலாம். ஒண்ணே ஒண்ணு. அவன் கூப்பிட்டு நீ போகக்கூடாது. விருந்துக்குக் கூப்பிட்டான், வேட்டைக்குக் கூப்பிட்டான், சுவர்ல மாட்டின சித்திரம் பாக்கக் கூப்பிட்டான்னு போனா, அது செல்லாது. குடுத்து வாங்கினாலும் செல்லாது. அழைக்காம போகணும், கேக்காம எடுக்கணும்."

"சொந்த அண்ணன் வீட்ல திருடச் சொல்றீங்க."

"உன் வீட்ல" என்றார் டோலி.

அடுத்த வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் போனோம். ஆம்ப்ரோஸ் கையில் கோடாலி, நானும் டோலியும் சாட்சி. கீழ்ப் புல்வெளி வேலியைத் தாண்டி, ஆஷ் மரத்தின் ஒரு கிளையில் அவன் முதல் வெட்டுப் போட்டான். நிலத்துக்குச் சொந்தக்காரன் வெட்டுவது போல இல்லை. காய்ச்சல்காரனுக்கு ஒத்தடம் கொடுப்பது போல வெட்டினான். கிளை விழுவதற்குள் மேட்டிலிருந்து குரல் வந்தது. ரால்ஃபின் பெண்டாட்டி அர்சுலா, பால் வாளியோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"வெட்டுங்க கொழுந்தனாரே, நல்லா வெட்டுங்க! அத்தை நேத்தே சொன்னாங்க, தம்பி வீட்ல விறகு இல்ல, கீழ்ப்புல்வெளியில ஒரு கிளையை எடுத்துக்கச் சொல்லுன்னு. நான்தான் ஆள் அனுப்ப மறந்துட்டேன். அய்யோ, வக்கீலய்யாவும் வந்திருக்கீங்களா? வாங்க, வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

டோலியின் முகம் புளித்த பீர் குடித்தவன் முகம் போல ஆயிற்று. குடுத்து வாங்கினால் செல்லாது.

சாப்பிட்டோம். ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட அப்பம், பார்லி ரொட்டி, பாலாடைக்கட்டி. ரால்ஃப் வயலிலிருந்து வந்து தம்பியைக் கட்டிப்பிடித்து, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி இறக்கினான். அவன் அப்படித்தான், எருதுக்குப் பக்கத்தில் நின்றால் எருது இளைத்துப் போனது போலத் தெரியும். "ஏன்டா வர்றதே இல்ல? இனி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில் முடிஞ்சு இங்கதான் சாப்பாடு. பொண்ணுங்களையும் கூட்டிட்டு வா. என்ன அம்மா?"

அடுப்போரம் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த தாமசின் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. முப்பத்தாறு வருஷம் ஜெர்வஸோடு குடித்தனம் நடத்தியவள். அந்த வீட்டில் பேச்சு முழுக்க அவனுடையதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆம்ப்ரோஸ் சும்மா இருந்தான் என்று சொல்ல முடியாது. இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பறிக்கப் போனான். மரத்தடியில் கூடையே தயாராக இருந்தது. "தம்பிக்கு" என்று அர்சுலா அதன்மேல் துணி மூடி வைத்திருந்தாள். அடுப்பெரிக்கப் புல்வேரோடு மண்கட்டி வெட்டப் போனான். ரால்ஃப் மண்வெட்டியைப் பிடுங்கி, "உனக்கெதுக்கு இந்த வேலை" என்று தானே வெட்டி வண்டியில் ஏற்றி அனுப்பினான். ஒரு வாத்தைப் பிடிக்கப் போய் மூன்று வாத்தோடு வந்தான். அந்த ஊரில் திருட்டுக்கு இவ்வளவு பாடுபட்டவன் வேறு யாரும் இல்லை. வெறுங்கையோடு திரும்பாத திருடனும் வேறு யாரும் இல்லை.

"அவங்க வீட்ல யாருக்கோ சட்டம் தெரியும்" என்றார் டோலி.

"போங்கய்யா. அண்ணன் நல்லவன்" என்றான் ஆம்ப்ரோஸ். "நல்லவன் வீட்ல திருடப் போனா இப்படித்தான் நடக்கும்."

இரண்டாவது வருஷம் பெந்தகோஸ்து ஞாயிறு. கோயில் முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கிறோம். ரால்ஃப் கல்படி மேல் ஏறினான். பேசிப் பழக்கமில்லாதவன், தொப்பியைக் கசக்கிக்கொண்டு கத்தினான்.

"ஊரார் எல்லாரும் கேளுங்க! என் தம்பி என் வீட்டுக்கு வர கூச்சப்படுறான். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் நிலத்துல அவன் எந்த நேரமும் வரலாம். மரமோ, மண்ணோ, பழமோ, எது வேணுமோ எடுத்துக்கலாம். என்னைக் கேக்க வேண்டாம். நான் சாகுற வரைக்கும் இந்த வாக்கு வாக்குதான்!"

எங்கள் ஊர்ப் பெண்கள் மேல்துணி நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். போதகர், காயீனும் ஆபேலும் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்றார். டோலி என் விலாவில் முழங்கையால் குத்தினார்.

"முடிஞ்சுது ஓய். கேட்டைத் தொறந்து வெச்சே அடைச்சுட்டாங்க. இனி இவன் எந்த மரத்தை வெட்டினாலும் அண்ணன் குடுத்தது. இப்பவே, இந்த நிமிஷமே, 'நீ கூப்பிட்டு நான் வரல, என் உரிமையில வர்றேன்'னு இவன் எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொன்னா பொழைச்சான்."

ஆம்ப்ரோஸுக்கு அது தெரியும். டோலி அவனுக்கு எத்தனையோ தடவை பாடம் எடுத்திருந்தார். அவன் இரண்டு அடி முன்னால் போனான். வாயைத் திறந்தான். உரிமையில் வருகிறேன் என்று சொன்னால் என்ன உரிமை என்று கேட்பார்கள். என்ன உரிமை என்று சொன்னால், படியின் கீழே கைத்தடியை ஊன்றி நிற்கிற தாமசின், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் காசு கொடுத்துத் தப்பித்த வெள்ளைத் துணியை அங்கேயே போர்த்திக்கொள்ள வேண்டும். அவள் சின்ன மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்றான் ஆம்ப்ரோஸ்.

அவன் பெண்களில் மூத்தவள் அன்று கூட்டத்தில் நின்றாள், சாயத்தொட்டி நாற்றம் ஏறிய கவுனோடு. அவளிடமும் அவன் எதுவும் சொல்லவில்லை.

வருஷங்கள் போயின. ஒவ்வொரு பனிக்காலத்திலும் தாமசினுக்கு இருமல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆம்ப்ரோஸ் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தான், தேனும் மதுவும் காய்ச்சிக் கொடுத்தான். அம்மா செத்தால்தான் அவனுக்கு நிலம். அம்மாவைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான். அவள் ஒவ்வொரு வசந்தத்திலும் எழுந்து உட்கார்ந்தாள். அவனும் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வீட்டில் சாப்பிட்டான். பெண்களுக்கு வரன் வந்தது, சீர் என்ன என்று கேட்டது, போனது. மூத்தவள் ஆணி அடித்துப் பிழைக்கும் ஒரு கொல்லனைக் கட்டிக்கொண்டாள். அவன் மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் வைத்திருக்கவும் இல்லை.

பதினைந்தாம் வருஷம் ஜூன் மாதம், மயிர் கத்தரிப்பதற்கு முன்னால் ஆடுகளை ஓடையில் குளிப்பாட்ட இறங்கிய ரால்ஃப் நாள் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். மூன்றாம் நாள் நெஞ்சுச் சளி. ஐந்தாம் நாள் வைத்தியர் கையை விரித்தார்.

டோலி கிட்டங்கிக்கு ஓடி வந்தார். "இப்பவே போ. வாசல்ல நின்னு ஒரு வார்த்தை: 'நான் ஒத்துக்கல.' அது போதும். அவன் நிம்மதியா சாகக்கூடாது."

"அய்யா, நீங்க பேசுறதை நீங்களே காதால கேக்குறீங்களா?"

"நிலத்தைக் கேக்கத்தான் வழி சொல்றேன். வேற என்னத்தைக் கேக்க?"

போனான். நான் கூடவே போனேன். வாசலில் தாமசின் நின்றாள், எழுபத்திரண்டு வயதிலும் நிமிர்ந்து. ஆம்ப்ரோஸ் வாய் திறப்பதற்குள் சொன்னாள்: "உள்ள வாய்யா. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

அழைத்துவிட்டாள்.

கட்டிலில் ரால்ஃப் பாதியாகக் கிடந்தான். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கியபடி சொன்னான்: "ஆப்பிள் இந்த வருஷம் நிறைய. வந்து எடுத்துக்கடா. என் மகன் கைல்ஸ் சின்னப்பய, இருபது வயசுதான்... நீதான் பாத்துக்கணும்."

ஆம்ப்ரோஸ் அந்தக் கையை விடவில்லை. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனையோ இடம் கிடைத்தது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரத்தில் எதிராளி விலையை ஒத்துக்கொள்ளும் தருணம் எனக்குத் தெரியும். நெற்றி தளரும். மூன்றாவது மணியில் அவன் நெற்றி தளர்ந்தது. "நிம்மதியாப் போ அண்ணே" என்றான்.

ரால்ஃப் நிம்மதியாகப் போனான். சட்டம் கேட்டது அதைத்தான்.

கைல்ஸ் நிலத்தில் நுழைந்தான். அடக்கம் முடிந்த பின் வந்த ஞாயிறு, பழக்கத்தில் ஆம்ப்ரோஸ் கோயிலிலிருந்து மேட்டுக்கு ஏறினான். மேஜையில் அவனுக்குத் தட்டு வைக்கவில்லை. அர்சுலா தலை நிமிரவில்லை. கைல்ஸ்தான் சொன்னான், கெட்ட பையன் இல்லை, தயங்கித் தயங்கி: "சித்தப்பா, இனிமே வர்றப்போ சொல்லிட்டு வாங்க. அப்பா குடுத்த வாக்கு அப்பா சாகுற வரைக்கும்தான்."

பதினாலு வருஷமாக அவன் தேடியது கடைசியில் கிடைத்தது: அழைப்பு இல்லாத நிலம். இப்போது போய்க் கிளையை வெட்டினால் அதற்குப் பெயர் வெறும் திருட்டு.

மறுநாள் கம்பளி எடைபோட நான் மேட்டு வீட்டுக்குப் போனபோது தரம் பார்க்க ஆம்ப்ரோஸும் வந்தான். வேலை வேலைதானே. தாமசின் களஞ்சிய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் கடைசி மூட்டையைக் கட்டிவிட்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"அம்மா. உனக்கு ஒரு விஷயம் தெரியணும். இந்த நிலம் என்னுது. பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். உன் பேர் கெடக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

நான் தராசைப் பார்ப்பது போல நின்றேன்.

"தெரியும்" என்றாள் தாமசின்.

"என்ன தெரியும்?"

"நீ வாயை மூடிக்குவேன்னு தெரியும்." அவள் இடுப்புப் பையை அவிழ்த்தாள். முதலில் எடுத்தது நான் சொன்ன ரசீது, மடிப்பில் கிழிந்தது. "இந்தா. என் பேர் ஐம்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடியே வித்தாச்சு. பதிமூணு ஷில்லிங் நாலு பென்ஸ். ஊர்ல யாருக்குத் தெரியாது? இதோ நிக்கிறாரே உன் முதலாளி, இவருக்குத் தெரியாதா? கேளு."

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தான். நான் எடைக்கல்லைத் துடைத்தேன்.

அவள் இரண்டாவது காகிதத்தை எடுத்தாள். பக்கத்து ஜில்லா வக்கீல் ஒருவரின் ரசீது. ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ். தேதி, ஜெர்வஸ் அடக்கமான அடுத்த வாரம்.

"முப்பத்தாறு வருஷம் உங்கப்பன் போர்வைக்குள்ள இருந்தேன். என் பேர்ல ஒரு கோழி கிடையாது. அவர் போன பின்னாடிதான் நான் ஒரு ஆளுன்னு சட்டத்துக்குக் கண்ணு தெரிஞ்சுது. வெண்ணெய் வித்த காசை எடுத்துக்கிட்டு முதல்ல வக்கீல்கிட்டதான் போனேன். என் மூத்தவனை எப்படிக் காப்பாத்தன்னு கேட்டேன். 'சின்னவனைக் கூப்பிட்டுக்கிட்டே இரு, தாயி'ன்னு சொன்னாரு. கூப்பிட்டேன். அர்சுலாவைக் கூப்பிட வெச்சேன். நீ கோடாலி எடுத்து வேலி தாண்டுறது மேட்டுலேர்ந்து தெரியும்."

"அண்ணன்?"

"அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தம்பி கூச்சப்படுறான், ஊரறியச் சொல்லுடான்னேன். சொன்னான். அவன் உன்னை நிஜமாத்தான் கூப்பிட்டான்."

ஆம்ப்ரோஸ் மூட்டை மேல் உட்கார்ந்தான். சின்னப் பையன் கேட்பது போலக் கேட்டான்: "நானும் உன் புள்ளதானம்மா?"

"நீ புள்ளன்னு சட்டமே சொல்லுது. அவன் புள்ளன்னு சொல்ல என்னை விட்டா யாரு இருந்தா?" குரல் உயரவில்லை. "இருபது ஆட்டுக்காக உங்கப்பன் அவனை வித்தான்டா, நான் வயித்துல வெச்சுக்கிட்டிருக்கும்போதே. நான் திருப்பி வாங்கினேன். வாங்கறதுக்கு என்கிட்ட வேற சரக்கு இல்ல, நீதான் இருந்தே."

அவள் இரண்டு காகிதத்தையும் மகனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அதனால் நான் வாங்கினேன்; காகிதம் காற்றில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என் வியாபாரி வளர்ப்பு விடாது.

திரும்பும் வழியில் ஆம்ப்ரோஸ் எனக்கு முன்னால் நடந்தான். கீழ்ப் புல்வெளி வேலி வந்ததும் நின்று, ஆஷ் மரத்தில் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய வெட்டுத் தழும்பைப் பார்த்தான். பட்டை மூடி வளர்ந்திருந்தது. "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை சாப்பாடு நல்லாத்தான் இருக்கும்" என்றான். "பொய் சொல்லக்கூடாது. கறி தாராளமா இருக்கும்."

அன்று மாலை என் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதினேன். யாரும் கேட்கவில்லை, எனக்குத் துக்கம் வந்தால் அப்படித்தான் வரும்.

ஆம்ப்ரோஸ் பார்ட்டனுக்கு வர வேண்டியது: அறுபது ஏக்கர், வீடு, மரங்கள். ஏக்கருக்கு ஆறு ஷில்லிங் குத்தகை, இருபது வருஷக் குத்தகைக்குச் சமமான விலை. முந்நூற்று அறுபது பவுன்.

வந்தது: பதினாலு வருஷத்தில் எழுநூறு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, ஒன்று நாலு பென்ஸ். பதினோரு பவுன், பதின்மூன்று ஷில்லிங், நான்கு பென்ஸ்.

விறகு, ஆப்பிள், மூன்று வாத்து: அன்பளிப்பு. கணக்கில் சேராது.

நிலுவை: முந்நூற்று நாற்பத்தெட்டு பவுன், ஆறு ஷில்லிங், எட்டு பென்ஸ். வசூலாகாது.